மலை மடத்தின் வாசல்

துறைமுக ஊரில் இருந்தது தலைமை மடம். அதன் கிளைகள் மூன்று நாடுகளில் இருந்தன. எந்த மன்னனின் மண்ணில் இருந்தாலும் தலைமை மடத்தின் விதிகளே எல்லாக் கிளைகளுக்கும் பொது.

அந்த விதிகளைக் காத்துவந்தவர் விசாகர். குருவின் மூத்த சீடர். தலை நரைத்தவர்.

ஒருநாள் மலைநாட்டுக் கிளையின் தலைவர் கடம்பர் வந்து குருவை வணங்கி நின்றார்.

"சுவாமி, விளக்கு வைத்த பிறகு வாசலைத் திறக்கக் கூடாது என்பது விதி. நான் திறந்துவிட்டேன். வெளியே பனியில் ஒரு பெண் பிரசவ வலியோடு நின்றாள்."

"தாயும் பிள்ளையும்?" என்றார் குரு.

"நலம். இன்னும் மடத்தில்தான் இருக்கிறார்கள். ஆனால் போன குளிர்காலத்தில் வந்த வழிப்போக்கருக்கு நான் திறக்கவில்லை. விடிந்தபோது வாசற்படியில் விறைத்துக் கிடந்தார்."

விசாகரின் முகம் வாடியது. ஆனாலும் சொன்னார்.

"சுவாமி, ஆற்றுநாட்டு மடத்தைக் கொள்ளையர் அந்தியில் புகுந்து கொளுத்தினார்கள். என் தோழன் அமுதன் அந்தத் தீயில்தான் போனான். அதன்பின் நான் மன்றாடிக் கொண்டுவந்த விதி இது. ஒரு வாசலைத் திறக்கவிட்டால் எல்லா வாசலும் திறந்துகொள்ளும்."

"மலையில் கொள்ளையர் உண்டா, கடம்பரே?"

"பனிதான் உண்டு, சுவாமி."

"ஆற்றுநாட்டில்?"

விசாகர் மெல்லச் சொன்னார். "இப்போது அங்கே காவற்படை இருக்கிறது."

குரு கடம்பரைப் பார்த்தார். "எங்கள் விதிகள் எல்லாமே உங்களுக்குச் சுமைதானா?"

"இல்லை, சுவாமி. தண்ணீரைக் காய்ச்சித்தான் குடிக்க வேண்டும் என்றீர்களே, அதை மட்டும் எடுத்துவிடாதீர்கள். ஊரெல்லாம் பேதி கண்டபோது எங்களைக் காப்பாற்றியது அதுதான்."

"அது இருக்கட்டும். வாசல் விதி இன்றோடு நீங்கியது. திறப்பதும் அடைப்பதும் அந்தந்த மடத்தார் பொறுப்பு. மற்ற விதிகளையும், அவற்றுக்குக் கட்டுப்பட்டு வாழ்கிறவர்களைக் கேட்டுப் பார்ப்போம்."

கடம்பர் கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியேறினார். விசாகர் அசையவில்லை.

"சுவாமி, அமுதனுக்கென்று நான் செய்தது அந்த ஒரு விதிதான். அதையும் எடுத்துவிட்டால் அவன் வீணாகப் போனதாக ஆகாதா?"

குரு அவர் அருகில் வந்து உட்கார்ந்தார்.

"பனியில் நின்ற அந்தப் பெண்ணுக்கு அமுதன் கதவைத் திறந்திருப்பானா, மாட்டானா?"

விசாகர் எழுந்து உள்ளே போனார். கடம்பர் புறப்படுமுன், பிள்ளைக்கென்று ஒரு கம்பளியைக் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தார்.