மதகு நிரலுக்கு நிறம் வந்த கதை

அந்தக் காலத்தில், மிருகங்கள் பேசிக்கொண்டும் நிரல் எழுதிக்கொண்டும் இருந்தபோது, கணினித் திரையில் எல்லா எழுத்தும் ஒரே கறுப்பு. இந்தக் கதையில் சிரிப்பு உண்டு, சத்தியமாக உண்டு. ஆனால் இப்போதே கேட்டால் கிடையாது. முதலில் ஆமையின் முட்டைகள் பிழைக்கட்டும்.

ஏரிக்கரை மணலில் முட்டையிட்டிருந்த ஆமை, மதகைத் திறந்து மூட ஒரு நிரல் எழுதி வைத்திருந்தாள். மொழியும் அவளே உண்டாக்கியது. ஆணைகளுக்கு நடுவே தனக்குத்தானே பேசிக்கொள்வது அவள் வழக்கம். ஒரு நட்சத்திரம் போட்டு, 'இங்கே தவளைகள் தூங்கும், சத்தம் கூடாது' என்று ஏதாவது குறிப்பு எழுதி, ஒரு வட்டம் போட்டு முடிப்பாள். நட்சத்திரத்திலிருந்து வட்டம் வரை இருப்பதைக் கணினி படிக்காது, தாண்டிப் போய்விடும்.

யார் குரலில் வேண்டுமானாலும் பேசத் தெரிந்த கரிச்சான் குருவிக்கு அன்று பொழுது போகவில்லை. திரையிலிருந்த ஒரு வட்டத்தைக் கொத்தி விழுங்கிவிட்டான்.

மழை பிடித்தது. ஏரி ஏறியது. ஆமை நிரலை ஓட்டினாள். மதகு அசையவில்லை.

"ஏ கணினி, திறன்னு எழுதியிருக்கேன்ல?"

கரிச்சான் கணினிப் பெட்டிக்குப் பின்னால் நின்று, மூக்கடைத்த இயந்திரக் குரலில், "எழுதினால் போதுமா? தயவுசெய்து என்று சொன்னாயா?" என்றான்.

"தயவுசெய்து," என்றாள் ஆமை.

"வணக்கம்?"

தலையை ஓட்டுக்குள் இழுத்து இழுத்து நீட்டிக் கும்பிடே போட்டாள். சிரிப்பை அடக்கி அடக்கிக் கரிச்சானுக்கு வயிறு வலித்தது.

அப்போது தண்ணீர் முட்டை மணலைத் தொட்டது. சிரிப்பு போன இடம் தெரியவில்லை. எந்த வரியில் கொத்தினோம்? திரை முழுக்கக் கறுப்பாக அல்லவா இருக்கிறது.

"அக்கா," என்றது இயந்திரக் குரல், திடீர் மரியாதையோடு. "எங்கேயோ ஒரு வட்டம் குறைகிறது."

"எங்கே?"

"அதுதான்... எனக்கும் தெரியலை. பச்சோந்தி மாமாவைக் கூப்பிடுங்களேன்."

திரைக்கு மேலே தூங்கிக்கொண்டிருந்த பச்சோந்தி ஒரு கண்ணைத் திறந்தார். "உன் மொழி எனக்குத் தெரியாதே, தாயி. எது என்னன்னு சொல்லு. அதுக்கேத்த நிறமா மாறிக்கிட்டே நடக்கிறேன்."

"திற, மூடு, பொறு, இதெல்லாம் ஆணை. நட்சத்திரத்துலேர்ந்து வட்டம் வரைக்கும் குறிப்பு."

"ஆணைக்கு நீலம். குறிப்புக்குச் சாம்பல்."

நனைந்த காலோடு திரையில் இறங்கினார். மிதித்த எழுத்திலெல்லாம் அவர் நிறம் ஒட்டிக்கொண்டது. நீலம், சாம்பல், மறுபடி நீலம். ஓரிடத்தில் மட்டும் சாம்பல் முடியாமல் நீண்டுகொண்டே போனது. 'மதகைத் திற' என்ற வரியும் சாம்பலாகக் கிடந்தது.

"அட, என் குறிப்பே என் ஆணையை முழுங்கியிருக்கு," என்று ஆமை அதற்கு முன்னால் ஒரு வட்டம் போட்டாள். மாமா திரும்பி மிதித்தார். வரி நீலமானது. நிரலை மறுபடி ஓட்டியதும் மதகு முனகிக்கொண்டே திறந்தது. தண்ணீர் மணலை விட்டு இறங்க இறங்க, கரிச்சானுக்கும் மூச்சு வந்தது.

ஆமை கணினியைத் தட்டிக்கொடுத்தாள். "நல்லவேளை, நீ சொன்னே."

"நானா?" என்றது கணினி, மெல்லிய பெண் குரலில். "காலையிலேர்ந்து நான் வாயே திறக்கலையே."

ஆமை மெல்லக் கழுத்தை நீட்டிப் பெட்டிக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள். "கும்பிடு வேற போட்டேனேடா," என்றவளுக்கு ஓடு குலுங்கச் சிரிப்பு வந்தது.

அன்று முதல்தான் நிரல் எழுதும் எடிட்டரில் ஆணைக்கு ஒரு நிறம், குறிப்புக்கு ஒரு நிறம். புதிதாக ஒரு மொழி பிறந்தால், எது என்னவென்று யாராவது எடிட்டருக்கு முதலில் சொல்லிக்கொடுக்க வேண்டியிருப்பதும் அதனால்தான்.