இரண்டு பெயர்கள், முகவரி இல்லை

“ரெண்டு பதிவையும் சரியாத்தான் எழுதினேன் மேடம். ஆனா ரெண்டு தளமும் திறக்க மாட்டேங்குது,” என்றார் இன்னாசி.

ஐம்பது வயதுக்கு மேல் இணையத் தொழில் கற்க வந்தவர் அவர். கற்றுக்கொடுத்த மெஹருன்னிசா அவரைவிட ரொம்ப இளையவர். திருச்சியில் பிறருடைய இணையதளங்களைப் பராமரிக்கும் சின்ன அலுவலகம் வைத்திருந்தார்.

என்ன நடந்தது என்று மெஹருன்னிசா கேட்டார்.

ராஜாமணி, சுகந்தி என்று அக்கா தங்கை இருவர். அவசரத்துக்கு ரத்தம் கேட்பவர்களையும் கொடுப்பவர்களையும் சேர்த்துவைப்பவர்கள். ஏதோ மனத்தாங்கலில் பிரிந்து, ஆளுக்கொரு பெயரில் தளம் நடத்தினார்கள். இப்போது சமாதானமாகிவிட்டார்கள்.

அக்கா ராஜாமணி இன்னாசியை அழைத்து, தனக்கென்று தனித் தளம் வேண்டாம், தன் தளத்தின் பெயரைத் தேடி வருகிறவர்கள் தங்கையின் தளத்துக்கே போகட்டும் என்றார். ஒரு தளத்தின் பெயரைத் தட்டினால் எந்த முகவரிக்குப் போக வேண்டும் என்று காட்டுவது டிஎன்எஸ் பதிவு; இன்னாசி அதில் அக்காவின் பெயருக்கு இருந்த முகவரியை எடுத்துவிட்டு, தங்கையின் பெயரை எழுதினார்.

அன்று மாலையே சுகந்தி அழைத்தார். அக்கா சொன்னது அவருக்குத் தெரியாது. தன் பெயரை அக்காவின் பெயருக்குத் திருப்பிவிடச் சொன்னார்.

இன்னாசிக்கு மனசு நிறைந்துபோனது. அதையும் செய்தார்.

அதோடு இரண்டு தளங்களும் நின்றுவிட்டன. மனைவிக்கு ரத்தம் தேடிய ஒருவர் எப்படியோ இன்னாசியின் எண்ணைப் பிடித்து, போனில் அழுதார். இன்னாசி அவரை ராஜாமணியிடம் பேசவைத்துவிட்டு இங்கே ஓடிவந்திருந்தார்.

மெஹருன்னிசா அவரை உட்காரச் சொன்னார்.

“அண்ணே, ரத்தம் கேட்டு வந்திருக்கேன். அக்கா பேரைச் சொல்றேன். எங்க அனுப்புவீங்க?”

“தங்கச்சிகிட்ட.”

“போயிட்டேன். அங்க என்ன சொல்வாங்க?”

“அக்காகிட்டப் போங்கன்னு.”

“வந்துட்டேன்.”

“திரும்பவும் தங்கச்சிகிட்டத்தான் அனுப்பணும். முகவரி ரெண்டு பேர்கிட்டயும் இல்லையே!” என்றார் இன்னாசி.

பிறகு, “ஒண்ணை அழிச்சுட்டுப் பழைய முகவரியைப் போட்டா போதும். நீங்களே போட்டுடுங்களேன்,” என்றார்.

“எதை அழிக்கட்டும்? அதை அவங்கல்ல சொல்லணும்?”



மெஹருன்னிசா கணினியை அணைத்தார். மேசைமேல் இன்னாசி வைத்திருந்த வண்டிச் சாவியை எடுத்து அவர் கையில் வைத்தார்.

இன்னாசி ராஜாமணியின் வீட்டுக்குப் போனார். தங்கையும் தன் தளத்தை விட்டுக்கொடுத்த செய்தி ராஜாமணிக்கு அப்போதுதான் தெரிந்தது. அவருக்குக் கண் கலங்கியது.

யாராவது ஒருவர் தளத்தைத் தன்னிடம் வைத்துக்கொண்டே ஆக வேண்டும் என்று இன்னாசி விளக்கினார்.

“அப்ப அவளே வச்சுக்கட்டும். கொடுத்ததைத் திரும்பக் கேட்டேன்னு ஆயிடக் கூடாது.”

“நீங்க திரும்பக் கேக்க வேண்டாம்மா. அவங்க கொடுத்திருக்காங்க. அதை வாங்கிக்கணும்.”



“கொடுக்கும்போது இவ்வளவு கஷ்டமா இல்லை,” என்றார் ராஜாமணி.

இன்னாசி கைப்பேசியில் அந்தப் பதிவைத் திறந்துவைத்தார்.

“சரி. எம்பேர்ல என் பழைய முகவரியையே போட்டுடுங்க.”

இன்னாசி அங்கேயே உட்கார்ந்து ராஜாமணியின் பதிவை மாற்றினார். சுகந்தியின் பெயர் அக்காவின் பெயரையே காட்டட்டும் என்று மற்றதைத் தொடவில்லை. மாற்றம் நடைமுறைக்கு வரச் சற்று நேரம் பிடித்தது. ராஜாமணி காபி கொடுத்தார்.

குடித்து முடிப்பதற்குள் ராஜாமணியின் போன் அடித்தது. சுகந்தியின் தளத்தைத் தேடிப்போய் அக்காவின் தளத்துக்கு வந்துசேர்ந்த யாரோ, இதுதானே அந்த இடம் என்று கேட்டார்கள்.

ராஜாமணி இன்னாசியைப் பார்த்தார்.

“ஆமா, இங்கதான்,” என்றார். “சொல்லுங்க.”