விருந்தாளி முயல்

ஆற்றுக்கு இந்தப் பக்கம் ஒரு காடு, அந்தப் பக்கம் ஒரு காடு. இந்தப் பக்கத்து முயல்கள் பாம்பு கடித்துச் செத்துக்கொண்டே இருந்தன. வைத்தியம் தெரிந்தவர் எவரும் இல்லை. அந்தப் பக்கத்துக் காட்டிலோ ஒரு கரடி வைத்தியப் பள்ளிக்கூடம் நடத்தி வந்தது.

செவலை என்ற இளம் முயல் அங்கே படிக்கப் போனது. அதன் குலத்தில் பள்ளி வாசலை மிதித்த முதல் முயல் அதுதான். "ஒரே ஆற்றுத் தண்ணியைக் குடிக்கிறோம். எல்லாருக்கும் ஒரே கட்டணம், பருவத்துக்கு ஒரு கூடை கோரைக்கிழங்கு" என்று சேரும்போது சொன்னார்கள். அப்பா முயல் நகம் தேய மண்ணைக் கிளறி அதைக் கட்டி வந்தது.

கடைசிப் பருவம் தொடங்கும் நேரம். வாசலில் கட்டணம் வாங்கும் உடும்பு கூப்பிட்டது.

"செவலை, இனிமே நீ இங்கே விருந்தாளி. மேலிடத்து உத்தரவு."

செவலைக்குத் தலைகால் புரியவில்லை. முயல் குலத்தில் விருந்தாளிக்குத்தான் முதல் தளிர். ஆற்றங்கரைக்கு ஓடி, எதிர்க்கரையில் மேய்ந்துகொண்டிருந்த அம்மாவிடம் கத்திச் சொன்னது. அம்மா வளை வளையாகப் போய், "என் மகளை அங்கே விருந்தாளி ஆக்கிட்டாங்க" என்று பெருமை பேசியது.

மறுநாள் செவலை கொண்டுவந்த கூடையை உடும்பு வாங்கவில்லை.

"இன்னும் ரெண்டு கூடை எங்கே?"

"எதுக்கு அண்ணே?"

"விருந்தாளிக்கு மூணு கூடை. இந்தக் காட்டுப் பிள்ளைகளுக்குத்தான் ஒண்ணு."

"விருந்தாளிக்கு நாங்க போடுவோம் அண்ணே. பிடுங்க மாட்டோம்."

"அது உங்க பக்கத்து வழக்கம்."

"சேரும்போதே சொல்லியிருந்தா நான் வந்தே இருக்க மாட்டேனே."

"நான் உடும்பு. எனக்குப் பிடிக்கத்தான் தெரியும், விடத் தெரியாது."

செவலை வீடு திரும்பியது. "படிச்ச வரைக்கும் போதும்ப்பா."

"கரை கைக்கெட்டுற தூரத்துல இருக்கு. இப்பப் போய்ப் போதும்ங்கிறியே" என்றது அப்பா.

பக்கத்து மேடுகளில் கிழங்கு தீர்ந்திருந்தது. அதனால் எந்த முயலும் போகாத புற்று மேட்டுக்கு அப்பா போனது. அங்கே கூடை நிறையும் முன்பே அதன் காலில் ஏதோ சுருக்கென்று தைத்தது.

செவலை ஓடிவந்து பார்த்தது. இரண்டு பல் தடம். வீக்கம் தொடைவரை ஏறியிருந்தது.

"விரியன்" என்றது உடனே.

"படிச்ச பிள்ளை படிச்ச பிள்ளைதான். பார்த்ததுமே சொல்லிட்டா பாரு" என்றது பக்கத்து வளை முயல்.

ஆறு தாண்டிக் கரடியை அழைத்துவர நேரமில்லை. அம்மா கேட்டது: "சரி கண்ணு, மருந்து எது?"

செவலை அப்பாவின் காலைப் பிடித்தபடியே இருந்தது.

"அது கடைசிப் பருவத்துப் பாடம்மா."

பொழுது சாய்வதற்குள் அப்பா முயலின் மூச்சு அடங்கிவிட்டது.

நட்டாற்றில் ஓடக்கூலியை உயர்த்துவது, நம்பி ஏறியவரைத் தண்ணீரில் தள்ளுவதேயாகும்.