ஆஃபர் லெட்டரில் ஆஃபர் எங்கே?

முட்டாள்களைப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் ரொம்ப தூரம் அலைய வேண்டாம். திருச்சிக்கு வந்து, உறையூரில் இறங்கி, எந்த வீட்டு வாசலில் நின்றால் தும்மல் வருகிறதோ அந்த வீட்டுக் கதவைத் தட்டினால் போதும். நாலு பேர் கிடைப்போம். மூன்று பேர் பிறவியிலேயே அப்படி. நாலாவது ஆள் கான்வென்ட்டில் படித்து அப்படி ஆனவள். அது நான், பிரபாவதி.

'நாலு பேர் என்ன சொல்லுவாங்க' என்று பயந்து பயந்தே குடித்தனம் பண்ணியவர்கள் நாங்கள். பிள்ளைகளெல்லாம் வெளியூர் போன பிறகு, அந்த நாலு பேராக நாமே ஆகிவிட்டால் என்ன என்று தோன்றியது. 'நாலு பேர் இட்லிப்பொடி' என்று ஒரு கம்பெனி ஆரம்பித்தோம். ராஜாமணி அக்கா வயதில் மூத்தவர், அதனால் தலைவி. பவுனு பார்த்த மாத்திரத்தில் தங்கமா கவரிங்கா என்று சொல்லிவிடுவாள், அதனால் பொருளாளர். ஷம்ஷாத்துக்குப் பாக்கெட் ஒட்டும் மெஷினைக் கை சுட்டுக்கொள்ளாமல் அமுக்கத் தெரியும், அதனால் அந்தப் பிரிவு முழுக்க அவள். எனக்கு இங்கிலீஷ் தெரியும். பொடிக்கும் இங்கிலீஷுக்கும் சம்பந்தம் இல்லாததால் என்னைச் செயலாளர் ஆக்கினார்கள்.

தீபாவளிக்கு ஒரு பெரிய கடையிலிருந்து ஆர்டர் வந்தது. கையால் இடித்துக் கொடுத்தால் பொங்கல் தாண்டிவிடும் என்று அரவை மெஷின் வாங்கினோம். மெஷின் மேலேயே தமிழில் எழுதியிருந்தது: 'மூடியைத் திறந்து பொருளைப் போடவும். பிறகு சுவிட்சைப் போடவும்.' பவுனு மூடியைத் திறந்தாள், மிளகாயைப் போட்டாள், சுவிட்சைப் போட்டாள். மூடியை மறுபடி மூடச் சொல்லி எங்கேயும் எழுதவில்லை. அன்று எங்கள் தெருவில் மாடு உட்பட அத்தனை ஜீவனும் தும்மியது.

மெஷினுக்கு ஒரு ஆள் வேண்டும் என்று அப்போதுதான் புரிந்தது. மாவு மில்லில் வேலை பார்த்துக்கொண்டிருந்த இன்னாசியைப் பிடித்தோம். நல்ல பையன். வரச் சம்மதித்தான், ஆனால் தலையைச் சொறிந்துகொண்டே ஒரு நிபந்தனை போட்டான்.

"லால்குடிப் பக்கம் பொண்ணு பேசியிருக்காங்கக்கா. பொண்ணோட அப்பா சூசைன்னு பேரு. வேலை இருக்குன்னா எழுத்துல காட்டுன்னு நிக்கிறாரு. ஞாயித்துக்கிழமைக்குள்ள ஆஃபர் லெட்டர் கொடுத்தீங்கன்னா கல்யாணமும் நிக்கும், நானும் வந்து மெஷின் முன்னாடி நிப்பேன். இல்லேன்னா ரெண்டும் போச்சு."

கல்யாணம் நிக்கும் என்றால் நின்றுபோகும் என்று அர்த்தம் செய்துகொண்டு ராஜாமணி அக்கா கொஞ்சம் அழுதார். அவரைத் தேற்றிவிட்டு வேலையைத் தொடங்கினோம்.

ஆஃபர் லெட்டர் என்றால் என்ன என்று எங்களில் யாருக்கும் தெரியாது. ராஜாமணி அக்கா தெரிந்த ஆடிட்டருக்குப் போன் செய்தார். மனுஷர் அவசரத்தில் இருந்திருக்கிறார். லெட்டர் ஹெட்டில் அடிக்கணும், நோட்டீஸ் பீரியட் போடணும், சீல் வைக்கணும், கூடவே ஒரு கவரிங் லெட்டர் வைக்கணும் என்று சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டார். அவர் மேல் தப்பே இல்லை. கேட்ட காதுகள் எங்களுடையவை.

"ஆஃபர் லெட்டர்னா ஆஃபர் இருக்கணும்ல?" என்று பவுனுதான் முதலில் ஆரம்பித்தாள்.

இங்கேதான் படித்தவள் நான் குறுக்கே புகுந்தேன். எனக்குப் பொறுமை கிடையாது. இருந்திருந்தால் டிக்‌ஷனரியைப் பார்த்திருப்பேன். எங்கள் கான்வென்ட் சேப்பலில் ஆஃபரிங் என்றால் காணிக்கை, ஆகையால் இன்னாசிக்குக் கடிதத்தோடு ஒரு மெழுகுவர்த்தி கொடுக்க வேண்டும் என்று அடித்துச் சொன்னேன். மூவரும் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்கள்.

"பிரபா, நீ ஆடி மாசத்துல கடைவீதிப் பக்கமே போனதில்லையா?" என்றாள் ஷம்ஷாத்.

தள்ளுபடி போடலாம் என்றார் ராஜாமணி அக்கா. எதில் தள்ளுபடி என்று கேட்டாள் பவுனு. சம்பளத்தில்தான். அது இன்னாசிக்கு லாபமா நமக்கு லாபமா என்று வெகுநேரம் விவாதித்தோம். தள்ளுபடி என்றால் வாங்குகிறவனுக்கு லாபம். சம்பளம் வாங்குகிறவன் இன்னாசி. எனவே லாபம் அவனுக்கே என்று ராஜாமணி அக்கா தீர்ப்புச் சொன்னார். எனக்கு மட்டும் எங்கேயோ இடித்தது. ஆனால் அதை விளக்க வார்த்தை தமிழிலும் வரவில்லை, இங்கிலீஷிலும் வரவில்லை.

கடைசியில் ஷம்ஷாத் வழி சொன்னாள்.

"ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம்னு போட்டுடுங்க. அதுக்கு யாரும் இதுவரைக்கும் கோவிச்சுக்கிட்டதில்லை."

"என்ன ஒண்ணு?"

"அதைக் கடையிலயும் முன்னாடியே சொல்ல மாட்டாங்க. உள்ள வந்து கேட்டாத்தான் சொல்லுவாங்க."

இது நியாயமாகப் பட்டது.

அடுத்து லெட்டர் ஹெட். கம்பெனிக்கு ஹெட் யார் என்பதில் சந்தேகமே இல்லை. ராஜாமணி அக்காவின் பீரோவிலிருந்து ஒரு போட்டோ எடுத்து, தலையை மட்டும் வட்டமாக வெட்டி, காகிதத்தின் உச்சியில் ஒட்டினோம். வெறும் தலையாக இருக்கிறதே என்று பவுனு அதைச் சுற்றிச் சின்னச் சின்னப் பூவாக வரைந்தாள். பார்க்கிறவர்கள் தப்பாக நினைப்பார்கள் என்று எனக்குத் தோன்றியது. ராஜாமணி அக்காவுக்கு ரொம்பப் பிடித்துவிட்டதால் வாயை மூடிக்கொண்டேன்.

நோட்டீஸ் பீரியட் சுலபமாக முடிந்தது. வேலையை விடுவதென்றால் இன்னாசி ஒரு மாதம் நோட்டீஸ் ஒட்ட வேண்டும். பசை கம்பெனி செலவு. எங்கள் சுவரில் 'நோட்டீஸ் ஒட்டாதீர்' என்று எழுதியிருப்பதால் எதிர்வீட்டுச் சுவரில் ஒட்டலாம்.

கடிதத்தை எழுதும் பொறுப்பு என்னுடையது. இருபது வருஷம் பிள்ளைகளின் ரிப்போர்ட் கார்டில் கையெழுத்துப் போட்டதைத் தவிர நான் எதுவும் எழுதியதில்லை என்பது அவர்களுக்குத் தெரியாது. கான்வென்ட்டில் சிஸ்டர் ஸ்கேலால் முட்டியில் தட்டித் தட்டிச் சொல்லிக்கொடுத்த கடிதம் ஒன்றே ஒன்று, லீவு லெட்டர். அதைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் எழுதுவேன். எழுதினேன்:

'மதிப்பிற்குரிய இன்னாசி அவர்களுக்கு, பொடி அரைக்க ஆள் இல்லாமல் எங்களுக்குக் கடுமையான தும்மல் இருப்பதால், தாங்கள் தயவுகூர்ந்து திங்கட்கிழமை முதல் எங்களிடம் வேலைக்கு வந்து உதவுமாறு மிகவும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம். இப்படிக்கு, தங்கள் கீழ்ப்படிதலுள்ள மாணவிகள்.'

வாசித்துக் காட்டினேன். மூவருக்கும் கண் கலங்கியது. படித்தவள் கையில் கொடுத்தால் காரியம் எப்படி நடக்கிறது பாருங்கள் என்றார் ராஜாமணி அக்கா. நானும் நம்பினேன்.

சீல் என்றதும் ஷம்ஷாத் மட்டும் நடுங்கினாள். அவள் சின்ன மாமாவின் பிரியாணிக் கடைக்கு ஆபீசர்கள் வந்து சீல் வைத்துவிட்டுப் போனதை அவள் மறக்கவில்லை. நாமே நமக்குச் சீல் வைப்பதா என்றாள். அப்புறம் பவுனு அவளுடைய பாக்கெட் ஒட்டும் மெஷினைக் கையால் காட்டியதும் முகம் தெளிந்தது. கடிதத்தை மடித்து, இட்லிப்பொடி பாக்கெட்டில் போட்டு, மெஷினில் வைத்து அமுக்கினாள். காற்றுப் புகாது. தண்ணீரில் போட்டாலும் ஒன்றும் ஆகாது. பாக்கெட் என்றால் லேபிள் இருக்க வேண்டும் என்பது சட்டம். ஓரத்தில் அதையும் ஒட்டினாள்.

மடிப்பில் ஒரு சின்ன விஷயம். போட்டோவும் கொட்டை எழுத்தில் ஆஃபரும் இருந்த தலைப்பக்கம் பாக்கெட்டின் ஒரு பக்கமும், மாணவிகள் என்று முடிந்த அடிப்பக்கம் மறுபக்கமும் வெளியே தெரிந்தன. என்ன வேலை, எதற்காக, எந்த நாளிலிருந்து எல்லாம் நடு மடிப்புக்குள் பத்திரமாக இருந்தன.

"கவரிங் லெட்டர்?" என்று நினைவுபடுத்தினேன்.

பவுனுவுக்குக் கோபம் வந்துவிட்டது.

"பொண்ணு வீட்டுக்குப் போற சமாச்சாரம். அந்த ஆள் உரசிப் பார்த்தா நம்ம மானம் என்ன ஆகும்? கவரிங்கெல்லாம் வேண்டாம். ஒரிஜினலே கொடுப்போம்."

இன்னாசி பாக்கெட்டை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான். சீலை உடைக்காமல் அப்படியே கொண்டுபோய்க் கொடு என்று ராஜாமணி அக்கா சொல்லி அனுப்பினார்.

திங்கட்கிழமை காலையில் மெஷினைத் துடைத்து, குங்குமம் வைத்துக் காத்திருந்தோம். கதவு தட்டப்பட்டது. ராஜாமணி அக்கா போய்த் திறந்தார். வெளியே வெள்ளை வேட்டியில் நின்றிருந்த பெரியவர் அவரைப் பார்த்ததும் சிலுவை போட்டுக்கொண்டு இரண்டு படி பின்னால் இறங்கினார்.

"ஆண்டவரே, இந்த அம்மா ஆத்மாவுக்காக நேத்துதானே முழங்கால் போட்டு ஜெபம் பண்ணோம்."

அவர்தான் சூசை. பின்னால் இன்னாசி. மழையும் இல்லை, வெயிலும் இல்லை, ஆனால் அவன் தலைக்கு மேல் ஒரு குடை விரிந்திருந்தது. அதைப் பிடித்திருந்தது சூசையின் கை.

உள்ளே அழைத்து உட்கார வைத்தோம். ராஜாமணி அக்கா உயிரோடு இருப்பதில் சூசைக்குச் சிறிது ஏமாற்றம்தான். வாங்கிவந்த மாலையை மடியிலேயே வைத்துக்கொண்டார். மற்றபடி அவருக்குப் பரம திருப்தி. பாக்கெட்டை மேசைமேல் வைத்தார். சீல் உடையவில்லை.

மாப்பிள்ளை தான் வாத்தியார் உத்தியோகம் என்று தங்களிடம் சொல்லவே இல்லையே என்று குறைப்பட்டுக்கொண்டார். வயதான மாணவிகளாக இருந்தாலும் கீழ்ப்படிதல் இருக்கிறதே என்று எங்களைப் பாராட்டினார். லேபிளில் 'ஆறு மாதத்திற்குள் பயன்படுத்தவும்' என்று இருப்பதால், தவக்காலத்துக்கு முன்பே கல்யாணத்தை வைத்துவிடப்போவதாகச் சொன்னார். 'நேரடி வெயில் படாமல் உலர்ந்த இடத்தில் வைக்கவும்' என்றும் இருக்கிறது. அதன்படியே மாப்பிள்ளையை நேற்றிலிருந்து உள்ளறையில் வைத்திருந்தார்களாம்.

"அக்கா, கொஞ்சம் தண்ணி" என்றான் இன்னாசி. உதடு வெடித்திருந்தது.

நான் டம்ளரோடு வந்தேன். சூசை கையை நீட்டித் தடுத்தார்.

"மாப்பிள்ளைக்கு ஈரம் ஆகாதும்மா. நீங்கதானே எழுதியிருக்கீங்க."

எழுதியிருந்தோம். டம்ளரை அவரே வாங்கிக் குடித்தார். குடித்துவிட்டுத் தொண்டையைச் செருமினார்.

"எல்லாம் சரிம்மா. எனக்கு ரெண்டு பொண்ணு. பெரியவளுக்கு இவரு. 'ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம்'னு கொட்டை எழுத்துல போட்டிருக்கீங்க. அந்த இலவச மாப்பிள்ளை எங்க?"



இல்லை என்று சொன்னால் என்ன ஆகும் என்று கேட்டேன். சொன்ன சொல் தவறுகிற கம்பெனியில் வேலை பார்க்கிறவருக்குப் பெண் கொடுக்க மாட்டேன் என்றார் சூசை. பெண் இல்லையென்றால் எனக்கு வேலையும் வேண்டாம் என்றான் இன்னாசி. அதைச் சொல்ல அவன் நாக்கை அண்ணத்திலிருந்து பிரித்தெடுக்க வேண்டியிருந்தது. தீபாவளி ஆர்டர் என் கண்முன்னால் தும்மிக்கொண்டே போனது.

சமையலறையில் கூட்டம் போட்டோம். கம்பெனி ஆஃபர் என்றால் கொடுத்துத்தான் ஆக வேண்டும் என்றார் ராஜாமணி அக்கா. எங்கள் நாலு பேர் வீட்டுக்காரர்களையும் வரிசையாக நினைத்துப் பார்த்தோம். இலவசமாகக் கொடுக்கலாம்தான், ஆனால் திரும்ப வந்துவிடும் என்றாள் ஷம்ஷாத். அப்போது இன்னாசி வாசற்படியில் நின்று, தம்பி அந்தோணி வீட்டில் சும்மாதான் இருக்கிறான், அவனுக்கும் ஒரு வேலை போட்டுக் கொடுத்தால் இலவசத்துக்கு அவன் சம்மதிப்பான் என்று சைகையும் பேச்சுமாகச் சொன்னான். வந்ததும் வந்தான், கண் முழுக்கத் தண்ணீர்ப் பானை மேலேயே இருந்தது.

பிரச்சினை தீர்ந்தது என்று எழுந்தோம். பவுனு எங்களை உட்கார வைத்தாள்.

"அந்தோணிக்கும் ஆஃபர் லெட்டர் கொடுக்கணும்ல? கொடுத்தா அதுலயும் ஆஃபர் இருக்கணும்ல?"

கூடத்திலிருந்து காதைத் தீட்டிக்கொண்டிருந்த சூசை பதறி எழுந்து வந்தார்.

"அம்மா, எனக்கு ரெண்டே பொண்ணுதாம்மா. மூணாவது மாப்பிள்ளையை வெச்சுக்கிட்டு நான் என்ன பண்ணுவேன்?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். இந்த மாதிரி நேரத்துக்குத்தான் மனுஷி படித்திருக்க வேண்டும். நான் ஒரு நிமிஷம்கூட எடுத்துக்கொள்ளவில்லை.

"அந்தோணிக்கு ஆஃபர் லெட்டரே வேண்டாம். கவரிங் லெட்டர் மட்டும் கொடுத்துடலாம்."

பவுனு முதல்முறையாக என்னை மரியாதையோடு பார்த்தாள். ராஜாமணி அக்கா எனக்குத் திருஷ்டி கழித்தார். சூசை மட்டும் முகம் வாடி நின்றார்.

"சின்னவளுக்குக் கவரிங் மாப்பிள்ளையா? நாள்பட்டா கறுத்துடாதாம்மா?"

"இப்ப வர்றதெல்லாம் கறுக்காதுங்க" என்றாள் பவுனு. "ஆறு மாசம் கேரண்டி. ஒண்ணே ஒண்ணு, தண்ணி மட்டும் படாம பாத்துக்கணும்."

சூசையின் முகம் மலர்ந்துவிட்டது. அது தங்களுக்குப் பழக்கம்தான் என்றார்.

அவர்கள் புறப்படும்போது வெளியே தூற ஆரம்பித்திருந்தது. இன்னாசி குடைக்கு வெளியே ஆசையாக நாக்கை நீட்டினான். சூசை அவனை உள்ளே இழுத்து, குடையை முழுக்க அவன் பக்கம் சாய்த்து, தான் நனைந்துகொண்டே எங்களைத் திரும்பிப் பார்த்தார்.

"இவரு ஒரிஜினல்தான். இருந்தாலும் எதுக்கும்மா வம்பு."