வெள்ளைச் சேவலுக்கு ஒரு கால்கட்டு

கூளைப்பட்டிக்காரர்கள் யோசிக்காமல் எதையும் செய்தார்கள் என்று யாரும் குறை சொல்ல முடியாது. எதற்கும் நாலு பேர் கூடி யோசிப்பார்கள். வினை அங்கேதான் ஆரம்பிக்கும்.

அந்த ஊர்க் கோழிகள் மாதம் நாலு முட்டை போட்டாலே பெரிய காரியம். ஆனி மாதம் கால்நடை டாக்டரம்மா ஒரு வெள்ளைச் சேவலோடு ஜீப்பில் வந்து இறங்கினார்.

"இது நிறைய முட்டையிடுற இனத்துல பிறந்த சேவல். உங்க ஊர்ச் சேவலையெல்லாம் கழிச்சுக்கட்டிட்டு, இதைக் கோழியோட சேர்த்து வைங்க. கலப்பு நடந்தாத்தான் பொறக்கிற குஞ்சுங்க வளர்ந்து மூணு மடங்கு முட்டை போடும். ஆவணியில வருவேன். குஞ்சு இல்லேன்னா சேவலை நெடுங்குளத்துக்குக் கொடுத்துடுவேன்."

பக்கத்து ஊர் நெடுங்குளத்துக்காரன் முட்டை தின்பதைப் பார்த்துக்கொண்டு உயிரோடு இருக்கக் கூளைப்பட்டியில் ஒருவருக்கும் சம்மதமில்லை. சாயங்காலமே ஊர்க்கூட்டம் போட்டார்கள்.

"கலப்புன்னா என்னவே?" என்றார் ஊர்த்தலைவர் பூசைத்துரை.

ஊரிலேயே பேப்பர் படிக்கிற ஒரே ஆள் டீக்கடை சொள்ளமுத்து. "கலப்புக் கல்யாணம், அண்ணாச்சி. அதான் சேர்த்து வைங்கன்னு தெளிவாச் சொன்னாங்களே!"

"கோழி பத்து இருக்கே?"

"ஒருத்தனுக்கு ஒருத்திதான் சட்டம். மீறினா போலீஸ் வரும்."

தலைவருக்கு வியர்த்துவிட்டது. ஆவுடையம்மாளின் செவலைக் கோழி பார்க்க லட்சணம் என்பதால் அதையே பேசி முடித்தார்கள். மீதி ஒன்பது கோழிகளும் கூடைக்குள் அடைபட்டன. கல்யாணம் ஆகப்போகிற ஆம்பளை கண்ணில் அதுகள் படலாமா?

ஊர்ச் சேவல்களைக் கழித்துக்கட்டும் வேலையும் குறையில்லாமல் நடந்தது. முகூர்த்தத்துக்கு முந்தின நாள் விருந்தில் அத்தனையும் குழம்பாயின. எலும்பைக் கடித்துக்கொண்டிருந்த ஆவுடையம்மாளுக்குத் திடீரென்று பகீர் என்றது.

"அய்யய்யோ, பொண்ணுக்குத் தாய்மாமன் மாலை போடணுமே! மாமன்காரனை எல்லாருமாச் சேர்ந்து தின்னுட்டோமே!"

பந்தியில் எல்லாரும் கையிலிருந்த எலும்பை இலையில் வைத்துவிட்டார்கள். கடைசியில் சொள்ளமுத்து கையைக் கழுவிக்கொண்டு வந்து, மாமன் முறைக்குத் தானே நிற்பதாகச் சொன்னார். மறுநாள் செவலைக்குத் தாலி ஏறியபோது அந்த மனிதர் விம்மி விம்மி அழுதார். சொல்ல வெட்கமாக இருக்கிறது, வேடிக்கை பார்க்கப்போன நானும் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

சேவலும் செவலையும் ஒன்றையொன்று சரியாக ஏறிட்டுப் பார்ப்பதற்குள் ஆடி பிறந்துவிட்டது. ஆடியில் புதுப்பெண்ணை மாப்பிள்ளையோடு விட்டுவைக்க அவர்கள் என்ன முறை தெரியாதவர்களா? தாய்மாமன் வெற்றிலை பாக்கோடு செவலையைக் கூட்டிப்போய் ஆவுடையம்மாள் வீட்டுக்குள் விட்டுக் கதவைச் சாத்தினார். சேவல் மாதம் முழுக்க அந்த வாசலில் நின்று கூவியது.

"மாப்பிள்ளைக்கு அவசரத்தைப் பாரு!" என்று பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

ஆவணி முதல் நாளே டாக்டரம்மா வந்துவிட்டார். குஞ்சு ஒன்றுகூட இல்லை. நடந்ததையெல்லாம் தலைவர் பெருமையோடு சொல்லி முடித்தார். டாக்டரம்மா சேவலைத் தூக்கி ஜீப்பில் வைத்தார்.

ஆவுடையம்மாள் ஓடிப்போய் வண்டியை மறித்தாள். "எம் பிள்ளையை வாழாவெட்டியா விட்டுட்டா போறீக? கட்டினவன் போற இடத்துக்கு அவளும் போகட்டும்!"

செவலை ஏறியது. மொத மொத புகுந்த வீடு போகிறவளைத் தனியாக அனுப்பினால் ஊர் சிரிக்கும் என்று, துணைக்கு மீதி ஒன்பதையும் ஏற்றிவிட்டார்கள். டாக்டரம்மா தலையில் அடித்துக்கொண்டு வண்டியைக் கிளப்பச் சொன்னார். ஜீப் நெடுங்குளம் போகிற ரோட்டில் திரும்பியது.

கூளைப்பட்டியில் இப்போது கூவவும் ஆளில்லை, கொக்கரிக்கவும் ஆளில்லை. பூசைத்துரைக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "எல்லாம் போச்சே! இனி முட்டைக்கு எங்கவே போக?"

சொள்ளமுத்து நிதானமாகக் கேட்டார். "அண்ணாச்சி, தலைப்பிரசவம் யாரு வீட்டுல பார்ப்பாக?"

"தாய் வீட்டுலதான்."

"அப்போ மொத முட்டை யாரு ஊருக்கு?"

தலைவர் அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். அன்று ராத்திரி ஊரே நிம்மதியாகத் தூங்கியது. விடிந்ததும், செவலையின் காலுக்கு வளைகாப்பு வளையல் அளவெடுக்கச் சொள்ளமுத்து ஒரு முழ நூலோடு நெடுங்குளம் பஸ்ஸில் ஏறினார்.