ஐந்தாவது பிரதி

புலவர் பூவராகனுக்கு வயது அறுபத்திரண்டு. அவருடைய குரு தில்லைநாயகிக்கு நாற்பது. தமிழ் கற்பித்து ஓய்வு பெற்றவர், அதே கல்லூரியின் வேதியியல் ஆசிரியையிடம் மாணவராகப் போய் நின்றார். கற்கும் ஆசைக்கு நரை ஏது?

காரணம் ஒரு சுவடி. வெள்ளியோடு ஈயம் சேர்த்து, எலும்புச் சாம்பலால் செய்த கிண்ணத்தில் உருக்கிச் சுத்தம் செய்யும் முறையைச் சொல்லும் பாட்டு. அதன் ஐந்து பிரதிகளை ஊர் ஊராக அலைந்து தேடிப் பிடித்து, மூன்று வருடம் எழுத்தெண்ணி ஒப்பிட்டு, மூலம் இதுதான் என்று முடிவு கட்டியிருந்தார். திங்கட்கிழமை அச்சுக்குப் போக வேண்டும்.

"ஒரு தடவை செஞ்சு பாத்துட்டு அனுப்புங்க சார்" என்றார் தில்லைநாயகி.

கல்லூரி ஆய்வுக்கூடத்துக்குத் தன் கிண்ணத்தோடு வந்தார் பூவராகன். பிள்ளைக்கு முதல் மொட்டை போடப் போகிறவர் மாதிரி முகமெல்லாம் பெருமை.

"கிண்ணம் எப்ப செஞ்சது?"

"நேத்து சாயங்காலம், அம்மா. சாம்பலைத் தண்ணி விட்டுப் பிசைஞ்சு, அழுத்தி எடுத்தேன். மூலத்துல அவ்வளவுதான் இருக்கு."

"அஞ்சு பிரதியிலயுமா?"

"அஞ்சாவதுல மட்டும் கூடுதலா ரெண்டு வரி இருக்கு. கிண்ணத்தை மூணு நாள் வெயில்ல காயவைக்கணுமாம். யாரோ பின்னால சேர்த்தது. யாப்பே உதைக்குது. அதுக்குக் கீழயே 'ஒற்றைக் கண்ணால் எழுதினேன், பிழை பொறுக்க'ன்னு ஒரு புலம்பல். ஏடு எழுதறவங்க முதுகு வலிக்குது, கண்ணு தெரியலன்னு புலம்பறது வழக்கம்தானே. ரெண்டையும் அடிச்சுட்டேன்."

தில்லைநாயகி மூலையில் இருந்த தடித்த கண்ணாடித் தடுப்பை உருட்டி வந்து உலைக்கு முன்னால் நிறுத்தினார்.

"அடுத்து என்ன சொல்லுது பாட்டு?"

"உருகின வெள்ளி பளிச்சுன்னு மின்னுற வரைக்கும், கண்ணை எடுக்காம பாக்கணும்."

"பாருங்க. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்னு பாருங்க."

கிண்ணத்தில் வெள்ளியும் ஈயமும் இட்டு உலைக்குள் வைத்தார்கள். உலைக் கதவைத் திறந்தே விட்டார்கள். பூவராகன் குனிந்து பார்த்தார். ஈயம் இளகியது, பரவியது. அவர் பாட்டின் அடுத்த அடியை முணுமுணுத்தார்.

படீரென்று ஒரு சத்தம். உருகிய ஈயம் சிதறிக் கண்ணாடியில் அடித்தது.

உலையை அணைத்துவிட்டு தில்லைநாயகி சொன்னார். "கிண்ணத்துக்குள்ள ஈரம் இருந்துது. அது ஆவியாகி ஈயத்தைத் தூக்கி எறிஞ்சுடுச்சு."

கண்ணாடியில் ஈயம் ஒரு பொட்டாக ஒட்டியிருந்தது. நேராக அவருடைய இடக்கண்ணின் உயரத்தில். பூவராகன் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். எழுத்தாணி பிடித்த ஒரு மனிதர், அவருக்குப் புலம்பல்காரராகவே இருந்தவர், இப்போது எதிரில் வந்து நின்றது போல் இருந்தது.

"அது புலம்பல் இல்லம்மா" என்றார்.

"இல்ல சார்."

"அப்போ மத்த நாலு பேரு ஏன் எழுதல?"

"அவங்க யாரும் அடுப்பு மூட்டல."

பூவராகன் நாற்காலியில் உட்கார்ந்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியால் துடைத்தார். இந்தப் புத்தகத்தைப் படித்துவிட்டு யாராவது ஒரு பிள்ளை உலை மூட்டியிருந்தால் என்று நினைத்ததும் அதை அப்படியே மடியில் போட்டார்.

"அந்த ரெண்டு வரியை மூலத்துல சேர்த்துடட்டுமா?"

"மூல ஆசிரியர் எழுதினதா அது?"

"இல்ல."

"அப்போ மூலத்துல எதுக்கு? அதுக்கு முன்னால வையுங்க. முதல் பக்கத்துல."

"அவருக்கு நன்றி சொல்லணுமே அம்மா. பேரு தெரியலயே. எப்படி எழுதுவேன்?"

தில்லைநாயகி அவர் மடியில் கிடந்த மூக்குக்கண்ணாடியை எடுத்துக் கையில் கொடுத்தார்.

"அவர் ஒத்தக் கண்ணால எழுதினார். நீங்க ரெண்டு கண்ணாலயும் எழுதுங்க சார்."