மூன்றாவது சரணம்

பியானோ வாசித்தபடியே ராக் பாடும் இந்துஜாவுக்கு வயது முப்பத்தொன்று. அவளுடைய சிஷ்யர் தேவசகாயத்துக்கு நாற்பத்தாறு.

பத்து வருடத்தில் நான்கு ஆல்பம் போட்டிருந்தாள் இந்துஜா. இரண்டாவதை யாரும் சீண்டவில்லை. அப்போது ஓட்டல் வரவேற்பறையில் பழைய சினிமாப் பாட்டு வாசித்துப் பிழைத்தாள். அங்கே ஓய்வு நேரத்தில் எழுதிய பாட்டுகளுக்குத்தான் இன்று ஊர் ஊராகக் கூட்டம் கூடுகிறது.

தேவசகாயம் நாகர்கோவில் தேவாலயம் ஒன்றில் ஆர்கன் வாசித்தவர். பாட்டெழுதக் கற்க வந்து, அவள் குழுவிலேயே கீபோர்டு வாசிக்கத் தங்கிவிட்டார். பத்தொன்பது பாட்டு எழுதியிருந்தார். ஒன்றையும் வெளியே பாடியதில்லை.

கோவைக் கச்சேரியன்று மாலை கேட்டார்.

“டீச்சர், ஒரு பாட்டு மேடைக்குத் தயாராயிட்டுன்னு எப்பிடித் தெரியும்?”

“மைக் வேலை செய்யுதான்னு பாருங்கண்ணே” என்றாள்.

பார்த்தார். வேலை செய்தது.

கல்லூரி மைதானம் நிரம்பி வழிந்தது. நான்காவது பாட்டு முடிந்ததும் இந்துஜா பியானோவை விட்டு எழுந்தாள்.

“அடுத்த பாட்டு இவரோடது. பஸ்ல ஊருக்கு ஊர் முணுமுணுத்துக்கிட்டே வர்றார். நீங்களும் கேளுங்க.”

சொல்லிவிட்டு டிரம்ஸ் பக்கம் போய்த் தரையில் உட்கார்ந்துகொண்டாள்.

விசில் பறந்தது. தேவசகாயம் கீபோர்டை விட்டு எழுந்தார். எப்படியோ பியானோ முன்னால் போய் உட்கார்ந்தார்.

“நானும் ஓர் ஊர்தான், நின்றுவிட்டுப் போ...”

முதல் சரணத்தில் குரல் பிசிறியது. இரண்டாவதில் டிரம்ஸ் சேர, தொண்டை திறந்துகொண்டது. மறுபடி பல்லவி. அடுத்து மூன்றாவது சரணம். அங்கே அவரிடம் வார்த்தை இல்லை.

விரல்கள் மட்டும் ஓடின. முன்வரிசையில் ஒரு பெண் பல்லவியை எடுத்தாள். பக்கத்தில் பத்துப் பேர் பிடித்துக்கொண்டார்கள். பிறகு மைதானமே பாடியது. தேவசகாயம் எழுந்து நின்று கட்டைகளை அறைந்தார். முடிக்கப் பார்த்தார், கூட்டம் விடவில்லை. ஏழு முறை பாடிவிட்டுத்தான் ஓய்ந்தது.

இடைவேளையில் மேடைக்குப் பின்னால் ஓடி வந்தார். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. சிரிப்பில் மூச்சு முட்டியது.

“டீச்சர்! மூணாவது சரணத்த நான் இன்னும் எழுதவே இல்லியே!”

“தெரியும்ணே” என்றாள் இந்துஜா. “அதான், நீங்க அத எழுதறதுக்கு முன்னாடி இன்னிக்கே கூப்பிட்டேன்.”